ஒரு பாட்டு பாடிட்டு அப்புறம் சொல்லுங்க

ஜூலை 3, வியாழன்: தொப்பூர், தருமபுரி

சேலத்தில் பஸ் ஏறும்போது ஒன்றரை மணி நேரத்தில் தருமபுரி என்றார்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி தடுப்பை இடித்துக்கொண்டு எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. அதன் டிரைவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து போனில் முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மூட்டைகள் வெடித்துச் சாலை முழுக்கத் தவிடு. பஸ் நின்றது நின்றதுதான். மதியச் சாப்பாட்டு நேரமும் அங்கேயே போனது.

பக்கத்து சீட்டில் பாலக்கோட்டுக்கார அம்மா ஒருவர். தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் புளிசாதம் போட்டு என்னிடம் நீட்டினார். வேண்டுமா என்று கேட்கவே இல்லை. புளி கொஞ்சம் தூக்கல், ஆனால் இது புளி விளைகிற சீமை, குறை சொல்லக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டே விசாரணை நடந்தது.

“என்ன வேலைங்கம்மா பண்றீங்க?”

“குழந்தைங்களுக்குக் கதை எழுதறேன்.”

“சீரியலுக்கா?”

“இல்லீங்க, புத்தகம்.”

“ஓ.”

அந்த ‘ஓ’ எனக்குப் பழக்கம். அதோடு விட்டிருக்கலாம். “பாடவும் செய்வேன்” என்று சொல்லிவைத்தேன். மூடியில் இன்னொரு கை புளிசாதம் விழுந்தது. “அப்ப ஒண்ணு பாடு” என்றார். நீங்க போய் நீ ஆகிவிட்டது. எழுத்தாளர் என்றால் மரியாதை, பாட்டுக்காரி என்றால் சொந்தம். சரி என்று பாடினேன்.

ஆட்டுக்குட்டி ஏறுச்சு
அரை டிக்கெட்டு கேட்டுச்சு
காலு நாலு எண்ணிப் பார்த்து
கண்டக்டரு முழிச்சாரு

முன்சீட்டுத் தலைகள் திரும்பின. கண்டக்டர் தன் வரி வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டார். முடிந்ததும் ஒரு திருத்தம் சொன்னார்: “அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட்டே கிடையாதும்மா. குட்டிக்கு எதுக்கு அரை டிக்கெட்?” உண்மைதான். நான் எழுதிய காலத்தில் மூன்று வயசு வரைதான் இலவசம், 2022இல் அதை ஐந்தாக்கினார்கள். ஆட்டுக்குட்டிக்கு என்ன வயசு என்று இதுவரை எந்த விமர்சகரும் கேட்டதில்லை.

தருமபுரி வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஆனி மாதக் காற்று பஸ் நிலையத்துத் தூசியை எல்லாம் முகத்தில் கொண்டுவந்து போட்டது. விடுதி அறைக்கு 700 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் காற்றோடு ஹாரனும் வரும், மூடினால் புழுக்கம். எதிரில் இருந்த கடையில் இட்லியும் தக்காளிச் சட்னியும் 40 ரூபாய். பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிச் சந்தைகள், சட்னியில் கஞ்சத்தனம் இல்லை. கும்பகோணத்துக்காரியான நான் காபி விஷயத்தில் வாயைத் திறக்காமல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி: தருமபுரி, அதியமான்கோட்டை

காலையில் ஊருக்கு வெளியே ஒரு பள்ளி. தலைமையாசிரியர் வாசலில் வரவேற்றார், சால்வை தயாராக இருந்தது, நான் எதிர்பார்த்த வாக்கியமும் தயாராக இருந்தது: “முதல்ல ஒரு பாட்டு பாடிட்டு அப்புறம் புத்தகத்தைப் பத்தி சொல்லுங்க மேடம்.” எந்த ஊருக்குப் போனாலும் இதே வாக்கியம். ஒரு பாட்டு பாடினால் பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள், அப்புறம் மணி அடித்துவிடும். புத்தகம் பையிலேயே இருக்கும்.

இங்கே கூடுதலாக ஒன்று நடந்தது. ஆட்டுக்குட்டிப் பாட்டை நான் இரண்டு வரி பாடுவதற்குள் பிள்ளைகள் மிச்சத்தைப் பாடி முடித்துவிட்டார்கள். யாரோ பொம்மைப் படம் போட்டு வீடியோவாக்கி விட்டிருக்கிறார்கள், வீட்டுப் போனில் பார்த்தார்களாம். ஆசிரியை ஒருவர் காட்டினார். ஆடு ஊதா நிறம். என் பெயரும் இல்லை, வேறு யார் பெயரும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அக்கறையோடு கேட்டான், “நீங்க அந்த வீடியோவப் பாத்து இத எழுதுனீங்களா மிஸ்?”

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யார் மேல் கோபப்படுவது? அவர்கள் பாடியதில் ஆடு பென்னாகரம் போகிறது. என் பாட்டில் அது எந்த ஊருக்குப் போகிறது என்றே சொல்லியிருக்க மாட்டேன். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருந்தது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் கேட்கிறார்கள். புத்தகம் 16 பக்கம், விலை 50 ரூபாய். உரிமைத்தொகை பத்து சதவீதம், அதாவது பிரதிக்கு 5 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 5,000 ரூபாய் வரும், விற்கச் சில வருஷம் ஆகும். படம் வரைந்தவருக்கு மொத்தமாக ஒரு தொகை, அது என்னுடையதைவிட அதிகம். நியாயம்தான், கண்டக்டரின் முழியை அவர்தான் கண்டுபிடித்தார். அவரும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டார். பாட்டின் நடுவில் ‘ஜாலி ஜாலி ஜாலிதான், ஊருக்கெல்லாம் ஜாலிதான்’ என்று வரும். அதற்கு என்ன படம் போடுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பலூன் போட்டார். நடுப்பக்கம் இரண்டும் பலூன்.

மதியம் அதியமான் கோட்டம். அதியமானும் ஔவையும் சிலையாக இருக்கிறார்கள். என்னைத் தவிர ஒரு காதல் ஜோடியும், வேப்பமரத்தடியில் தூங்கும் ஒருவரும். ஔவை என்றதும் கோலூன்றிய பாட்டிதான் நமக்கு ஞாபகம் வரும், பிள்ளைகளுக்கும் அவளைத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம். ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையை, புறநானூற்றில் எதிரி அரசன் ஒருவன் நகையணிந்த, மையிட்ட கண்ணுள்ள விறலி என்றுதான் அழைக்கிறான். ஊர் ஊராகப் போய்ப் பாடி ஆடிப் பிழைக்கும் இளம்பெண். கள் கொஞ்சமாக இருந்தால் அதியமான் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று அவன் செத்தபின் அழுது பாடியதும் அவர்தான். தொண்டைமானிடம் தூது போய், உன் ஆயுதமெல்லாம் நெய் பூசி மயில்பீலி சூட்டி அழகாக இருக்கிறது, எங்கள் ஆளுடையது முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவரும் அவர்தான். இந்த ஔவையைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக எனக்கு ஆசை. எந்தப் பதிப்பாளரிடம் சொன்னாலும் கள் இடிக்கிறது.

புறநானூறு 92 அவருடையது. குழந்தையின் மழலை யாழோடு சேராது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அதன்மேல் அருள் பிறக்கும், என் பேச்சும் உனக்கு அப்படித்தான் என்று அதியமானிடம் சொல்கிறார். அடக்கம் போலத் தெரிகிற கெட்டிக்காரத்தனம். குழந்தைகளுக்கு எழுதும் நாங்கள் இந்தப் பாட்டைக் கேடயமாகத் தூக்கிக்கொள்கிறோம். தாளம் தட்டினால் மழலை, பொருள் விளங்காவிட்டால் மழலை. ஔவை சொன்னது குழந்தை பேசுவதைப் பற்றி. குழந்தைக்காகப் பெரியவர்கள் எழுதுவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 5, சனி: பாப்பாரப்பட்டி, அப்புறம் ஒரு கூத்து

பள்ளி விடுமுறை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பாப்பாரப்பட்டிக்குச் செலவில்லாமல் போனேன். சுப்பிரமணிய சிவா 1925இல் காலமான ஊர். குரலை வைத்துப் பிழைக்கிற எங்களைப் போன்றவர்கள் நிறைய. குரல் கொடுத்ததற்காக, மேடைப் பேச்சுக்காக, 1908இல் சிறைக்குப் போய் தொழுநோயோடு வெளியே வந்தவர் அவர். நினைவிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எதிர்க்கடையில் கம்பங்கூழ் ஒரு சொம்பு 20 ரூபாய், மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் கணக்கில் சேராது.

பள்ளி ஆசிரியை ஒருவர் தங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது, ராத்திரி கூத்து இருக்கிறது, வாருங்கள் என்று சொல்லியிருந்தார். இந்தப் பக்கம் பதினெட்டு நாள் பாரதம் என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். மண்ணால் ஆள் படுத்திருப்பது போலப் பெரிய துரியோதனனைச் செய்வார்கள். நான் போனது சூதாட்டமும் துகிலுரிதலும் நடந்த ராத்திரி.

ஒப்பனை நடக்கிற இடத்தில் துரியோதனன் வேஷக்காரரிடம் அறிமுகப்படுத்தினார்கள். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். விடிய விடியப் பாடுகிறவர், தொண்டைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பனங்கற்கண்டு, மிளகு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். “கூத்து இருக்கற அன்னிக்கிப் பகல்ல பேச மாட்டேங்கம்மா. ஊட்ல சண்டன்னாக்கூட மறுநாளுதான்” என்றார். பக்கத்தில் இருந்த திரௌபதி, மீசையை மழித்துக்கொண்டே சிரித்தார்.

எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. இருபது வயசில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். கல்யாண வரவேற்புகளில் பந்தி நடக்கும், பாத்திரம் உருளும், யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பாடிப் பழகிய தொண்டை இது. கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றது. தெருமுனையில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே பிள்ளைகள் பார்த்தே இராத பனியையும் பாலத்தையும் பற்றி இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தார்கள். பஸ், மழை, ஆடு, ரேஷன் கடை என்று நானே பாட்டுக் கட்ட ஆரம்பித்தேன். ஓய்வுபெற்ற அச்சகக்காரர் ஒருவர் அதை நூலாக்கினார். மூட்டை வெகுகாலம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. எழுத்தாளர் கூட்டத்தில் என்னைப் பாட்டுக்காரம்மா என்பார்கள், பாட்டுக்காரர்கள் டீச்சர் என்பார்கள்.

கூத்தில் முன்வரிசை முழுக்கக் குழந்தைகள். சாக்கு விரித்து, போர்வை போர்த்தி, கட்டியங்காரன் வந்தால் எழுந்து சிரிப்பதும், ராஜாக்கள் நீட்டிப் பாடினால் தூங்குவதுமாக. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் காதைப் பிளக்கிறது, அதில் தூக்கம். துகிலுரியும் இடம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றினார்கள். துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதி வேஷக்காரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைத்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை அம்மாக்கள் தட்டி எழுப்பிக் காட்டினார்கள். ‘குழந்தைகளுக்கு ஏற்றதா’ என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிற கேள்வி அங்கே யாருக்கும் வரவில்லை. எனக்கு வந்தது, பதில் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு: ஒகேனக்கல்

தூங்காத கண்ணோடு பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். கர்நாடகாவில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறிவிட்டது, பரிசலுக்குத் தடை. கரையில் பரிசல்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. பரிசலுக்காகவே குடும்பத்தோடு வந்தவர்கள் போலீஸ்காரரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஆற்றைக் கையால் காட்டினார். செம்மண் நிறத்தில் மரக்கிளைகளோடு போகிற தண்ணீரைப் பார்த்தபின் எனக்குப் பரிசல் ஆசை போய்விட்டது.

எண்ணெய் மசாஜ்காரர்கள் வேலையில்லாமல் என்னைக்கூடக் கூப்பிட்டார்கள். மீன் வாங்கிக் கொடுத்தால் விறகடுப்பில் சமைத்துத் தரும் அம்மாக்கள் உண்டு. எனக்கு ஒரு ஆளுக்கு அவ்வளவு வேண்டாம் என்று கட்லா வறுவல் இரண்டு துண்டு வாங்கினேன், துண்டு 60 ரூபாய். மிளகாய்த் தூள் நாக்கை விட்டுப் போகவே இல்லை. கடைக்காரம்மாவின் பேத்தி, ஐந்தாறு வயசு இருக்கும், ஆட்டுக்குட்டிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தட்டு எடுத்தாள். அந்த ஊதா ஆடு இங்கேயும் வந்துவிட்டிருக்கிறது. இதை எழுதியது நான்தான் என்றேன். நம்பவில்லை. நிரூபிக்க வேண்டியதாயிற்று. அருவி இரைச்சலுக்கு மேல், மிளகாய் எரியும் தொண்டையோடு, கல்யாண மண்டபத்துக் குரலில் பாடினேன். கூட்டம் கூடிவிட்டது. இன்னொன்று, இன்னொன்று. கடைக்காரம்மா மூன்றாவது துண்டுக்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் தருமபுரி பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

ஜூலை 7, திங்கள்: காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி

பேசாமல் ஊர் சுற்றுவது ஒரு தனி அனுபவம். நாம் கிசுகிசுத்தால் எதிராளியும் கிசுகிசுக்கிறார். கிருஷ்ணகிரியில் சர்வர் என் காது வரை குனிந்து, ரகசியம் போல, “இட்லி, பொங்கல், பூரி” என்றார். ஆட்டோக்காரரும் வாடகையைக் கிசுகிசுத்தார். ரகசியமாகச் சொன்னாலும் 120 ரூபாய் அதிகம்தான்.

டாக்டர் பார்த்துவிட்டு, குரல்நாண் வீங்கியிருக்கிறது, ஒரு வாரம் பேசக் கூடாது என்றார். சரி என்று கிசுகிசுத்தேன். “அதுவும் கூடாது. கிசுகிசுன்னு பேசறது தொண்டைக்கு இன்னும் கெடுதல்” என்று எழுதியும் கொடுத்தார். மகளிடம் போனில் எப்படிச் சொல்வது என்று அந்தச் சீட்டையே படம் எடுத்து அனுப்பினேன்.

அன்று கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய பள்ளியில் நிகழ்ச்சி. நிலைமையைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பொறுப்பாளர் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “அடடா, அப்ப இன்னொரு நாள் வெச்சுக்கலாமே மேடம்.” புத்தகத்திலிருந்து வாசிக்கிறேன் என்று எழுதினேன். “பாட்டு இல்லேன்னா பசங்க அடங்க மாட்டாங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை, சுவரொட்டியிலேயே ‘பாடும் எழுத்தாளர்’ என்றுதான் போட்டிருந்தார்கள். வாங்கி வைத்த சால்வை வீணாகக் கூடாது என்று அதை மட்டும் போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். பாடாமல் கிடைத்த முதல் சால்வை. வாசலில் வந்து அதை மடித்துப் பையில் வைக்கும்போது கொஞ்சம் அழுகை வந்தது. மாத்திரை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

காவேரிப்பட்டணத்தில் காலையில் வரும்போது வாங்காமல் விட்ட நிப்பட் ஞாபகம் வந்து, மதியம் பஸ் பிடித்துத் திரும்பிப் போனேன். வேறு வேலை என்ன இருக்கிறது? தட்டுவடையின் உறவு, கடலைப் பருப்பும் பூண்டும் காரமும். தொண்டைக்கு ஆகாது என்பதால் வீட்டுக்கு என்று அரைக் கிலோ. போகும் வழியில் மாம்பழக்கூழ் ஆலைக்கு முன்னால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் கண்ணுக்கெட்டியவரை நின்றன. டீக்கடையில் ஒரு விவசாயி, நான் பேச முடியாதவள் என்று தெரிந்ததும், என்னிடம் மனம்விட்டுப் பேசினார். இந்தக் காயைத் தின்ன ஆள் குறைவு, ஆலைதான் கதி, ஆலை கேட்டால் விலை, கேட்காவிட்டால் ரோட்டோரம். கிலோ 5 ரூபாய்க்குப் போனால் பறிகூலி கட்டாது என்றார். என் புத்தகத்துக்கும் அதே 5 ரூபாய்தான் என்று சொல்லத் தோன்றியது. எனக்கு உரம் வாங்குகிற செலவு இல்லையே, எழுதிக் காட்டவில்லை.

ஜூலை 8, செவ்வாய்: தேன்கனிக்கோட்டைப் பக்கம்

ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை. ஏற ஏறக் குளிர். தூறல் நிற்கவில்லை. தளி சாலையில் ஒரு சின்ன ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டு அறை, இரண்டு ஆசிரியர்கள். காலை உணவுக் கிச்சடி முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. சூடு தொண்டைக்கு இதமாக இருந்தது.

டாக்டர் சீட்டையே ஆசிரியையிடம் நீட்டினேன். படித்துவிட்டு, “அதனால என்னங்க மேடம், உக்காருங்க. இந்த மழையில நீங்க வந்ததே பெரிசு” என்றார். பாய் விரித்தார். இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம், தமிழ் பள்ளிக்கூடத்தில். பாட்டு இருந்தால் சமாளித்திருப்பேன், தாளம் எல்லோருக்கும் பொது. கையில் இருந்தது புத்தகம் மட்டும்.

வாசித்தேன். குரல் இல்லை, மூச்சுதான். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, நகர்ந்து வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மொத்தப் பாயும் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. பேசிய பையனின் வாயை ஒரு சிறுமி தன் கையால் பொத்தினாள். அடங்க மாட்டார்கள் என்று சொன்னது எந்தப் பிள்ளைகளை? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆசிரியை தெலுங்கில் ஒரு வரி சொன்னார். அதனால் ஒரே நகைச்சுவைக்கு இரண்டு தரம் சிரிப்பு வந்தது, தமிழில் பிடித்தவர்கள் முதலில், மற்றவர்கள் அப்புறம், அவர்களைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் மறுபடியும்.

நடுப்பக்கம் வந்தது. ‘ஜாலி ஜாலி ஜாலிதான்’ என்று மூச்சுக்காற்றில் சொல்லிப் பாருங்கள். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஆசிரியை தெலுங்கில் சொல்ல வாயைத் திறந்து, எதைச் சொல்வது என்று என்னைப் பார்த்தார்.

“இந்த பலூனு யாரோடது?” என்றாள் வாய் பொத்திய சிறுமி.

“கண்டக்டரோடது.”

“அவரு கையில டிக்கெட்டு இருக்கே, எப்பிடிப் புடிப்பாரு?”

“ஆட்டோடது.”

“ஆட்டுக்குக் கை இல்ல.”

நான் பக்கத்தைத் திருப்பப் பார்த்தேன். விடவில்லை. ஒரு பையன் முன்பக்கங்களுக்குத் திரும்பிப் போய் பலூன் எங்காவது இருக்கிறதா என்று தேடினான். தேடியவன் வேறொன்றைப் பிடித்துக்கொண்டான். “இதோட அம்மா எங்க?” அரை டிக்கெட் கேட்கிற வயசு என்றால் கூட யாராவது வந்திருக்க வேண்டுமே, தனியாக எப்படி பஸ்ஸில் விட்டார்கள்? இத்தனை வருஷம் இந்தப் பாட்டை எத்தனையோ பள்ளிகளில் பாடியிருக்கிறேன். பாடும்போது பிள்ளைகள் கூடப் பாடுவார்கள், கேள்வி கேட்க வாய் ஒழியாது. மெட்டு நல்ல மெட்டு, எனக்குச் சந்தேகமே இல்லை. அது ஓட்டை வரியையும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிற மெட்டு.

மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பலூன் பக்கம் வந்ததும் அவர்களே “வேணாம், வேணாம்” என்று இரண்டு தாளையும் சேர்த்துத் திருப்பினார்கள். கையில் கொண்டுபோன பிரதிகளைப் பள்ளிக்கே கொடுத்தேன். விலை பேசவில்லை, பேசவும் முடியாது.

மதியம் ஆசிரியை வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். நான் சோற்றுக்காரி, பிட்டு வாயில் வைத்து மெல்லப் பார்த்தேன். வீடே சிரித்தது. மெல்லக் கூடாதாம், குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டுமாம். வீங்கிய தொண்டையில் ஒரு களி உருண்டை இறங்குகிற சுகத்தை அந்த டாக்டர் சீட்டில் எழுதியிருக்கலாம். மாமியார் அம்மா சாயங்காலம் வரை என்னோடு சைகையில்தான் பேசினார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும் என்று கிளம்பும்போது தெரிந்தது.

ஜூலை 9, புதன்: ஓசூர்

காலையில் ஓசூர் பஸ் நிலையம். ரோஜாக் கட்டுகள் ஈரச் சாக்கில் சுற்றி பஸ் ஏறிக்கொண்டிருந்தன. குளிரில் இங்கே காபி பரவாயில்லை, 20 ரூபாய். இரவெல்லாம் அம்மா ஆட்டை எங்கே ஏற்றுவது என்று யோசித்ததில் ஒரு சிக்கல். அம்மா ஆடு பெண். டவுன் பஸ் என்றால் அதற்கும் டிக்கெட் கிடையாது. அப்புறம் கண்டக்டர் எதற்கு முழிக்க வேண்டும்?

குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது, கதவு கிறீச்சிடுகிற மாதிரி. பதிப்பாளரைக் கூப்பிட்டு, அடுத்த அச்சில் பலூன் பக்கம் இரண்டையும் எடுத்துவிடலாம் என்றேன். யார் பேசுவது என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். எடுக்க முடியாதாம். 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிப்பது, இரண்டு பக்கம் குறைந்தால் வெள்ளைத் தாளாக நிற்கும்.

“வேற ஏதாவது எழுதிக் குடுங்க, வர்ற வெள்ளிக்குள்ள” என்றார். அம்மா ஆடு வருகிறது என்றேன். “பாட்டுல மெட்டு இடிக்காதே?” இடித்தால் இடிக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சரி. ஆனா புது ஆட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் தனியாக் கேப்பாரு மேடம். அதை யாரு குடுக்கறதுன்னு அப்புறம் பேசிக்கலாம்.”